பல்கனியில் எடெல்வைஸ்: வளர்ப்பதும் பெருக்குவதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிஸில் இருக்கும் தமிழர் வீட்டுப் பல்கனிகளில் கறிவேப்பிலை இருக்கும், மிளகாய்க் கன்று இருக்கும், கோடையில் ஒரு பாகற்கொடியாவது கம்பியில் ஏறும். இந்த மலைகளுக்கே சொந்தமான செடி ஒன்று அவற்றுக்கிடையில் நிற்பது அபூர்வம். எடெல்வைஸ் வாங்கி வைத்தவர்களும் பலர், 'ஒரு வருடம்கூட நிற்கவில்லை' என்கிறார்கள். அந்தச் செடிகள் பெரும்பாலும் கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. நல்ல மண், நிறையத் தண்ணீர், குளிருக்கு வீட்டுக்குள் ஓர் இடம் என்று அளவுக்கு மீறிக் கவனித்ததால்தான் செத்தன. கீழே உள்ளவை திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

எடெல்வைஸ் டெய்சி குடும்பமா? பூவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

ஆம், டெய்சி, சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாம் இருக்கும் அதே குடும்பம்தான். ஒரு பூவைக் கையில் எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் வடிவாகப் பாருங்கள். வெள்ளை இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை. அது பூவைச் சுற்றி நட்சத்திரம் போல் விரிந்திருக்கும் இலை. அதன் மேல் அடர்ந்த வெள்ளை ரோமம் மூடியிருப்பதால்தான் வெல்வெட் போலத் தெரிகிறது. நடுவில் மஞ்சளாகக் குவிந்திருக்கும் ஐந்தாறு பொட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு தனி டெய்சித் தலை. ஒவ்வொரு தலைக்குள்ளும் ஊசிமுனை அளவில் பல சிறு பூக்கள். ஆக, நீங்கள் 'ஒரு எடெல்வைஸ் பூ' என்று பறிப்பது உண்மையில் சில நூறு பூக்கள் சேர்ந்த ஒரு கூட்டம்.

அந்த ரோமத்துக்கு வேலை இருக்கிறது. மலை உச்சியில் புறஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். ரோமத்தின் ஒவ்வோர் இழையும் இன்னும் நுண்ணிய நார்களால் ஆனது. அந்த நார்கள் புறஊதாக் கதிரை விழுங்கிவிடுகின்றன என்று பெல்ஜியத்து இயற்பியலாளர்கள் 2005இல் காட்டினார்கள். செடிக்குத் தேவையான வெளிச்சம் உள்ளே போகிறது, சுடும் கதிர் வெளியில் நின்றுவிடுகிறது. காற்றில் ஈரம் இழக்காமல் காப்பதும் அதே ரோமம்தான்.

மலையில் கண்டால் ஒரு கன்றைத் தோண்டி எடுத்து வரலாமா?

வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸுக்குச் சுற்றுலா வந்தவர்கள் நினைவுக்கென்று வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே பல சரிவுகளில் இது அருகிப்போனது. சுவிஸின் ஒப்வால்டன் கன்டோன் (மாநிலம்) 1878இலேயே வேரோடு தோண்டுவதைத் தடை செய்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய தாவரப் பாதுகாப்புச் சட்டங்களில் அது ஒன்று. இன்றும் ஆல்ப்ஸ் முழுவதும் பல இடங்களில் பாதுகாப்பு இருக்கிறது. எங்கடினில் உள்ள சுவிஸ் தேசியப் பூங்காவில் எந்தச் செடியிலும் கை வைக்கக்கூடாது.

சட்டத்தை விட்டாலும் பயனில்லை. பாறை இடுக்கில் ஓடிய வேர் முழுதாக வராது. வந்த பாதியும் பல்கனியில் பிழைக்காது. விதையும் கன்றும் கடையில் சில பிராங்குக்குக் கிடைக்கும்போது மலையில் இருப்பதை மலையிலேயே விடுவோம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

ஏப்ரல், மே மாதங்களில் தோட்டக் கடைகளில் சின்னப் பூச்சாடியில் வைத்திருப்பார்கள். பூ நிறைய இருக்கும் செடியைத் தேடாதீர்கள். அடியில் எத்தனை தனித்தனி இலைக்கொத்துகள் இருக்கின்றன என்று பாருங்கள். நான்கைந்து கொத்து இருந்தால் அது அடுத்த வருடமும் வரும், பிரித்தும் நடலாம். ஒரே கொத்து, ஒரே நீண்ட தண்டு, மேலே பெரிய பூ என்றால் வெப்பக் கூடத்தில் பசளை போட்டு அவசரமாக வளர்த்தது.

சீட்டில் உள்ள தாவரப் பெயரையும் வாசியுங்கள். ஆல்ப்ஸ் செடி என்றால் 'லியோன்டோபோடியம் அல்பினும்' அல்லது 'லியோன்டோபோடியம் நிவாலே' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், பெயரைப் பின்னர் மாற்றினார்கள். 'சூலியே' என்று இருந்தால் அது தென்மேற்குச் சீனாவிலிருந்து வந்த உறவுச் செடி. அதுவும் அழகுதான், ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உள்ளூர்ச் செடி வேண்டும் என்பவர்கள் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். 'ஹெல்வேசியா' என்ற ரகம் வாலிஸ் கன்டோனில் உருவாக்கப்பட்டது. அழகுசாதனப் பொருட்களுக்குச் சாறு எடுப்பதற்காக அங்குள்ள விவசாயிகள் அதை வயலில் வரிசையாகப் பயிரிடுகிறார்கள்.

என் வீடு சூரிச்சில், 400 மீட்டர் உயரத்தில். அங்கே வளருமா?

வளரும். இயற்கையில் இது பெரும்பாலும் 1800 முதல் 3000 மீட்டர் வரையான உயரத்தில், சுண்ணாம்புப் பாறை உள்ள புல்சரிவுகளில் இருக்கும். தாழ்நிலத்தில் சற்று உயரமாக, சற்றுத் தளர்வாக வளரும், பூவின் வெண்மை குறையும். அதற்குத் தயாராக இருங்கள். தெற்கோ தென்மேற்கோ பார்த்த பல்கனி, நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில், நல்ல காற்றோட்டம் இருந்தால் போதும். வடக்குப் பார்த்த பல்கனிக்கு இந்தச் செடி சரிவராது.

எந்த மண்?

இதில்தான் கூடுதலான செடிகள் போகின்றன. கடையில் விற்கும் பூச்செடி மண் பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பசளையும் கலந்திருக்கும். அதில் நட்டால் முதல் மாதம் இலை பெருத்து, பச்சை பிடித்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒக்டோபர் மழையில் அடித்தண்டு அழுகிவிடும்.

நீங்களே கலப்பதுதான் நல்லது. ஒரு பங்கு விதை முளைக்கவைக்கும் மண், ஒரு பங்கு கழுவிய பருமணல், ஒரு பங்கு சுண்ணாம்புச் சல்லிக்கல். விதை மண் பையில் 'அவுஸ்சாட்எர்டே' என்று எழுதியிருக்கும். அதில் பசளை குறைவு என்பதால்தான் அதைச் சொல்கிறேன். சல்லியை 'கால்க்ஸ்பிலிட்' என்று கேளுங்கள், 4 முதல் 8 மில்லிமீட்டர் அளவு சரி. கலந்த பிறகு ஒரு பிடி எடுத்து நனைத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாகப் பிடித்து நின்றால் இன்னும் கல் வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி.

சாடி சுட்ட களிமண்ணாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தேங்கும். ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும், சாடியின் அடியில் இரண்டு மூன்று சிறு கட்டைகள் வைத்து நிலத்திலிருந்து உயர்த்த வேண்டும். நட்டு முடித்ததும் மேலே இரண்டு சென்டிமீட்டருக்கு அதே சல்லியைப் பரப்புங்கள். தண்டு மண்ணிலிருந்து புறப்படும் அந்த ஒரு விரல் அகலம் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். சல்லி போடுவது அதற்காகத்தான்.

தண்ணீர், பசளை எவ்வளவு?

மேல்மண் காய்ந்த பிறகு நன்றாக ஊற்றி, அப்புறம் மறுபடி காயும் வரை விட்டுவிடுங்கள். யூலை வெயிலில் சிறு சாடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படலாம். சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று கவலை வேண்டாம், இந்தச் செடிக்கு அது பிடிக்கும்.

பசளை தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றுவதே போதும். முட்டைக்கோது, சாம்பல், தேயிலைச் சக்கை என்று ஒன்றையும் போடாதீர்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமா?

கூடவே கூடாது. கறிவேப்பிலையை ஒக்டோபரில் உள்ளே எடுத்து எடுத்துப் பழகிய கை இதையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. இரண்டும் நேர்மாறான செடிகள். கறிவேப்பிலையைக் குளிர் கொல்லும். எடெல்வைஸைக் கொல்வது ஹீட்டர் போட்ட அறை. சில மாதக் குளிர் இல்லாவிட்டால் அதற்கு ஓய்வு இல்லை. ஓய்வு இல்லாத செடி வசந்தத்தில் மெலிந்து, பூக்காமல், படிப்படியாக முடிந்துபோகும்.

மைனஸ் 20 பாகையையும் தாங்கும் செடி இது. மலையில் இதற்குக் குளிர்காலம் முழுக்கப் பனிப் போர்வை உண்டு. அதன் அடியில் குளிர் ஒரே சீராக இருக்கும், தண்ணீர் உருகி ஓடாது. தாழ்நிலத்தில் நமக்கு வாய்ப்பது மழை, உறைவு, மறுபடி மழை. அந்த நசநசப்பைத்தான் இதனால் தாங்க முடியாது. ஆகவே நவம்பரில் சாடியைச் சுவரோரம், மேலே கூரை நீட்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். மழை படக்கூடாது, குளிர் படலாம். மண் முழுதும் தூசாகப் போகாமல் மாதம் ஒரு தடவை, உறைவு இல்லாத நாளில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பிளாஸ்டிக் சுற்றி மூடாதீர்கள், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

டிசம்பரில் பார்த்தால் முழுதும் காய்ந்து பழுப்பாகக் கிடக்கிறது. செத்துவிட்டதா?

அனேகமாக இல்லை. மேலே உள்ள தண்டும் இலையும் ஒவ்வொரு வருடமும் காய்ந்துவிடும், உயிர் அடியில் இருக்கிறது. எத்தனையோ நல்ல செடிகள் இந்த நேரத்தில் பச்சைக் குப்பைப் பெட்டிக்குப் போய்விடுகின்றன. ஏப்ரல் கடைசி வரை பொறுங்கள். காய்ந்த தண்டுகளை மார்ச்சில் அடியோடு வெட்டிவிட்டு, சல்லியை விரலால் ஒதுக்கிப் பார்த்தால் சாம்பல் பச்சையில் சின்னஞ்சிறு முளைகள் தெரியும். அடிப்பாகம் தொட்டால் கொழகொழவென்று இருந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம்.

விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: விதையை மண்ணால் மூடினீர்களா? வெந்தயம், மல்லி போட்ட பழக்கத்தில் எல்லோரும் மூடுகிறோம். எடெல்வைஸ் விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அது தூசு போன்ற விதை, உள்ளே சேமிப்பு மிகக் குறைவு. அரைச் சென்டிமீட்டர் மண்ணைத் தள்ளிக்கொண்டு வர அதற்குப் பலம் கிடையாது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது குளிர்கால விதைப்பு. டிசம்பரிலோ ஜனவரியிலோ, பத்து சென்டிமீட்டர் சாடியில் மேலே சொன்ன கலவையை நிரப்பி, மேல் ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் சலித்த விதை மண்ணும் மணலும் போட்டுச் சமப்படுத்துங்கள். சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து நனைய விடுங்கள். மேலே ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். விதையோடு ஒரு தேக்கரண்டி காய்ந்த மணலைக் கலந்து, உப்புத் தூவுவது போல் மேலே தூவி, உள்ளங்கையால் மெதுவாக அமுக்குங்கள். அவ்வளவுதான், மூட வேண்டாம். பறவையும் பூனையும் கிளறாமல் வலை ஒன்றைக் கட்டி, மழை கொட்டாத ஆனால் குளிர் படும் இடத்தில் வெளியில் வைத்துவிடுங்கள். பனி விழுந்தால் விழட்டும். மார்ச், ஏப்ரலில் முளைக்கும்.

மற்றது பிரிட்ஜ் வழி. விதைத்த சாடியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு நான்கு வாரம் பிரிட்ஜில், காய்கறித் தட்டில் வைத்து, பிறகு வெளிச்சமான, 15 முதல் 18 பாகை இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கும். குளிர் காட்டாமலும் புது விதை முளைக்கும், ஆனால் குளிர் பட்டது ஒரே சீராக வரும். சமையலறை ஹீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். சூடான, வெளிச்சம் குறைந்த இடத்தில் முளைகள் நூல் போல நீண்டு சரிந்துவிடும்.

முளை வந்ததும் பையைக் கழற்றிக் காற்றுப் பட விடுங்கள். மூடியே வைத்தால் அடித்தண்டு கறுத்து ஒரே இரவில் கூட்டமாக விழும். முதலில் வருவது இரண்டு புள்ளி அளவு விதையிலைகள். அவற்றுக்கு நடுவில் ரோமம் படர்ந்த உண்மையான இலைகள் நான்கு வந்த பிறகு, பற்குச்சியால் வேரோடு கிளப்பி, இலையைப் பிடித்துத் தூக்கித் தனிச் சாடியில் வையுங்கள். தண்டைப் பிடிக்காதீர்கள், நசிந்தால் திரும்ப எழும்பாது.

விதையிலிருந்து வந்தது எப்போது பூக்கும்?

பெரும்பாலும் இரண்டாவது வருடம். தாழ்நிலத்தில் யூன், யூலை. மலையில் யூலை முதல் செப்டெம்பர் வரை.

செடியைப் பிரித்து நட முடியுமா? தண்டு வெட்டி வைத்தால் வருமா?

பிரிப்பதுதான் சுலபம், பலன் நிச்சயம். தாழ்நிலத் தோட்டத்தில் இந்தச் செடிக்கு ஆயுள் குறைவு, மூன்று நான்கு வருடத்தில் நடுப்பகுதி காய்ந்து பலமிழந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்தால் பழைய செடிக்கும் புது உயிர், உங்களுக்கும் கூடுதல் கன்று.

முளைகள் தெரியத் தொடங்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் ஏற்ற காலம். செடியைச் சாடியோடு கவிழ்த்து எடுத்து, மண்ணை உதறுங்கள். கொத்துக் கொத்தாகப் பிரிந்திருப்பது தெரியும். இரண்டு கொத்துக்கு நடுவில் இரு பெருவிரல்களையும் வைத்து மெல்ல விரித்தால் தானாகவே பிரியும் இடம் இருக்கும். பிரியாத இடத்தில் மட்டும் கூரான கத்தி. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளையும் வெள்ளை வேரும் இருக்க வேண்டும். வேர் இல்லாத துண்டை வைத்து மினக்கெட வேண்டாம். நடுவிலுள்ள பழைய மரத்த பகுதியை எறிந்துவிட்டு, புதுக் கலவையில் முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, பத்து நாள் கடும் வெயில் படாமல் வையுங்கள்.

தண்டு வெட்டுவதைப் பொறுத்தவரை, பூத்தண்டு வேர் விடாது. வசந்தத்தில் அடியிலிருந்து வரும் இளம் தளிரை வெட்டி மணலில் வைத்தால் சில வேர் பிடிக்கும். பிரிக்க முடியாத அளவு சிறிய செடி என்றால் மட்டும் அதை முயற்சிக்கலாம்.

என் செடியிலிருந்தே விதை எடுக்கலாமா? அது தாய்ச்செடி மாதிரியே வருமா?

எடுக்கலாம். பூவின் நடுவிலுள்ள மஞ்சள் பொட்டுகள் பழுப்பாகிப் பஞ்சு கிளம்பும் நேரம் பார்த்து, காய்ந்த நாளில் தலையோடு வெட்டிக் கடதாசிப் பையில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். பிறகு விரலால் தேய்த்தால் சின்னக் குஞ்சம் வைத்த விதைகள் உதிரும். பதராகவும் நிறைய இருக்கும், அது வழக்கம். கடதாசி உறையில் வருடத்தை எழுதிப் பிரிட்ஜில் வைத்தால் ஓரிரு வருடம் தாங்கும்.

அருகில் வேறொரு செடி இருப்பது நல்லது. ஈக்கள்தான் கூடுதலாக மகரந்தம் கொண்டுவருகின்றன. ஆகவே விதைக் கன்றுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வரும். ஒன்றில் ரோமம் அடர்த்தி, ஒன்றில் தண்டு குட்டை. அதில் வெண்மையும் குட்டையுமானதைத் தேர்ந்து வைத்துப் பிரித்துப் பெருக்கினால் உங்கள் பல்கனிக்கே ஏற்ற செடி கிடைக்கும். தாய்ச்செடி அச்சாக வேண்டுமென்றால் பிரிப்பது மட்டும்தான் வழி.

பூ வெள்ளையாக இல்லாமல் பச்சை கலந்து இருக்கிறதே?

வெயில் போதவில்லை, அல்லது மண் கொழுப்பாக இருக்கிறது, அல்லது இரண்டும். அடுத்த வசந்தத்தில் சல்லி கூட்டி நட்டு, இருப்பதில் வெயில் கூடிய மூலைக்கு மாற்றுங்கள். மலைச் செடியின் வெண்மை முழுதாக வராது, ஆனால் தெளிவாக மாற்றம் தெரியும்.

பூச்சி, நோய்?

நத்தைகள் இளம் தளிரைத் தின்னும். சல்லி ஓரளவு தடுக்கும், மற்றபடி இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான். அசுவினி வந்தால் ரோமத்துக்குள் ஒளிந்துகொள்ளும். சவர்க்காரத் தண்ணீர் அடித்தால் ரோமம் ஒட்டிப்போகும் என்பதால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுவது நல்லது. செடி திடீரென்று வாடி, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் வேரைத் தின்னும் வெள்ளைப் புழு இருக்கிறதா என்று மண்ணைக் கொட்டிப் பாருங்கள்.

இதோடு சேர்த்து வேறென்ன நடலாம்?

ஆல்ப்ஸ் ஆஸ்டர். நடுவில் மஞ்சளும் சுற்றி ஊதா இதழுமாக, டெய்சி என்று பார்த்தவுடன் தெரியும். அதுவும் இந்த மலைச் செடிதான். இதே மண், இதே வெயில் போதும், எடெல்வைஸைவிடச் சுலபமாக வளரும். முதல் தடவை முயற்சிப்பவர்கள் இரண்டையும் ஒரு நீளத் தொட்டியில் நடலாம்.

பூவைக் காயவைத்து வைக்க முடியுமா?

மிக நன்றாக. நடுப் பொட்டுகள் விரியத் தொடங்கும்போதே வெட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். முற்றிய பிறகு வெட்டினால் பஞ்சாக உதிரும். சட்டத்தில் போட நினைத்தால் இரண்டு மென்தாளுக்கு நடுவில் கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள். பல வருடம் நிறம் மாறாது.

மலையில் வளர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே போகலாம்?

வில்டர்ஸ்வில்லிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏறினால் சினிகே பிளாட்டே. அங்கே ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் 1929 முதல் ஓர் ஆல்ப்ஸ் தாவரத் தோட்டம் இருக்கிறது. மொன்ட்ரோ பக்கம் இருப்பவர்களுக்கு ரோஷே த நாயேயில் ராம்பேர்சியா தோட்டம். யூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். ஏறும் முன் பிள்ளைகள் கையில் ஐந்து பிராங்க் நாணயத்தைக் கொடுத்து அதில் எடெல்வைஸைத் தேடச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு கன்று கொண்டுபோகலாமா? ஊட்டியில் வளருமா?

யாழ்ப்பாணத்தில் பிழைக்காது. அங்கே இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். செடிக்கு ஓய்வுக்காலமே கிடைக்காது. செடிகளை விமானத்தில் கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். காயவைத்த பூவைச் சட்டம் போட்டு அம்மாவுக்குக் கொடுங்கள்.

ஊட்டியும் நுவரெலியாவும் உயரத்தில் குறையில்லை, ஆனால் பருவமழையில் வாரக்கணக்காக நனைந்தால் அடித்தண்டு அழுகும். கூரை போட்ட சல்லித் தொட்டியில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். உண்மையில் அங்கே இதற்கு உள்ளூர் உறவு உண்டு. நீலகிரியின் உயரமான புல்வெளிகளில் அனஃபாலிஸ் நீல்கெரியானா என்ற செடி வளர்கிறது. இதே டெய்சிக் குடும்பம், சாம்பல் ரோமம் போர்த்த இலை, காய்ந்தாலும் உதிராத வெள்ளைப் பூ. இலங்கை மலைநாட்டிலும் அனஃபாலிஸ் இனங்கள் இருக்கின்றன. அங்கே வசிப்பவர்கள் சோலைப் புல்வெளித் தாவரங்களை வளர்க்கும் நர்சரிகளில் அதைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இதே சல்லி மண்ணில், இதே வெயிலில், பசளை போடாமல் வையுங்கள்.